நுண்பாகப் பொருளியலில் முதலதிகாரம் எது?

எமது பல்கலைக்கழகங்களிலே பாடத்திட்டத் திருத்தம் என்பது ஓயாது நடைபெறும் காரியமாகிவிட்டது. 2012ஆம் ஆண்டில் இலங்கைத் தகைமைச் சட்டகம் வகுக்கப்பட்ட நாள் முதலாக, ஒவ்வொரு பாடநெறிக்கும் இத்தனை மணித்தியாலம், இத்தனை கற்றற்பேறு, பரீட்சைக்கு இத்தனை வீதம் என்று அட்டவணைகள் நிரப்பப்படுகின்றன. மீளாய்வுக் குழுவினர் வருகிறார்கள், கோப்புகளைப் பார்க்கிறார்கள், போகிறார்கள். திருத்தம் நடைபெற்றுவிட்டது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால் திருத்தப்பட்டது யாது? அட்டவணையா, அறிவா? இந்த வினாவை எழுப்புவார் மிகச் சிலரே.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது நுண்பாகப் பொருளியல் என்னும் ஒரு பாடத்தை மட்டுமே. விலை எவ்வாறு அமைகின்றது, கூலி எவ்வாறு அமைகின்றது, நுகர்வோனும் நிறுவனமும் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பவற்றைக் கூறும் பாடம் அது. கலைப் பீடத்திலும் வணிக, முகாமைத்துவ பீடங்களிலும் புதுமுக மாணவர் முதலிற் சந்திக்கும் பொருளியல் பெரும்பாலும் இதுவே. அவர்களுட் பலருக்கு இதுவே இறுதிப் பொருளியலுமாகும். இங்கே கற்ற கோடுகளை மனத்திற் பதித்துக்கொண்டே அவர்கள் வங்கிக்கும் கச்சேரிக்கும் பாடசாலைக்கும் செல்கின்றனர்; நாளை கூலிக்கும் மானியத்துக்கும் விலைக் கட்டுப்பாட்டுக்கும் தீர்ப்புச் சொல்லுகின்றனர். ஆதலின் இப்பாடத்தின் முதலதிகாரத்தில் என்ன இருக்கின்றது என்பது விரிவுரையாளரின் சொந்த விவகாரமன்று, ஊராரின் விவகாரமாகும்.

'பாடசாலையிலே தமிழ் படிப்பிப்பவர்களுக்குப் பொருளியலில் என்ன வேலை?' என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. உழைப்பையோ விளைபொருளையோ வாங்குபவர் ஒருவரே ஆகும்போது, விற்பவர் கதி என்னவாகும் என்பதை 1933ஆம் ஆண்டில் வெளிவந்த நிறைவிலாப் போட்டியின் பொருளியல் என்ற நூலில் ஜோன் றொபின்சன் அம்மையார் ஆராய்ந்தார். அந்நிலைமைக்குப் பெயரில்லை. கேம்பிரிட்ஜிலே கிரேக்கம் கற்ற ஹோல்வாட் என்பாரிடம் கேட்டார். 'மொனொப்சனி' என்ற சொல் பிறந்தது. பொருளியலாளர் கண்ட பொருளுக்குப் பெயரிட்டவர் ஒரு மொழிப் புலமையாளர். இறையனார் களவியலுரை கூறும் பழங்கதையிலே, எழுத்தும் சொல்லும் வல்லாரைக் கண்டும் பொருளதிகாரம் வல்லாரைக் காணாது பாண்டியன் கவன்றான் என்பர். பொருளைக் கேட்கும் உரிமை தமிழ் கற்றோருக்குப் புதிதாக வந்ததன்று.

எனினும் எம்மை எழுதத் தூண்டியது பழங்கதையன்று. மலையகத்திலிருந்து வந்து எம்மிடம் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி, விடுமுறையில் எம்மைக் காணவந்தாள். நுண்பாகப் பொருளியலில் மிக நல்ல பெறுபேறு. மகிழ்ந்தோம். பேச்சினிடையே அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: 'சேர், அம்மாவுக்குச் சம்பளம் கூட்டினா வேலை போயிரும்னு எழுதித்தான் மார்க்ஸ் எடுத்தேன்.' அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். கொப்பியைப் பார்த்தோம். கேள்வி வளையி இடமிருந்து வலமாகச் சரிகின்றது; நிரம்பல் வளையி ஏறுகின்றது; இரண்டும் வெட்டும் புள்ளிக்கு மேலே ஆகக்குறைந்த கூலி என்று ஒரு கிடைக்கோடு. கோட்டுக்கும் வளையிகளுக்கும் நடுவே 'வேலையின்மை' என்று நிறந்தீட்டியிருந்தாள். படத்திலே பிழையில்லை. பிழை அந்தப் படம் முதலில் வந்ததிலும், அதன்பின் வேறெந்தப் படமும் வராததிலும் உள்ளது.

இதுவே நாம் கூறவந்தது. ஒரு பாடநெறியில் எது முதலில் வைக்கப்படுகின்றதோ அதுவே இயல்பு என்று மாணவர் கொள்ளுவர். எது பின்னே வைக்கப்படுகின்றதோ அது விலக்கு என்று கொள்ளுவர். அல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டில் கேள்வியையும் நிரம்பலையும் ஒரே கருவியின் இரு அலகுகளாக அமைத்தார். போல் சாமுவெல்சனின் பாடநூல் 1948ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் பாடநூல் எழுதுவோருக்கு வாய்பாடாயிற்று. அன்று தொடக்கம் பெரும்பாலான நூல்களில் ஒரே வரிசையே காணப்படுகின்றது: முதலில் அருமையும் தெரிவும், பின் கேள்வியும் நிரம்பலும், பின் நெகிழ்ச்சி, பின் நுகர்வோன், நிறுவனம், நிறைபோட்டி, அதன் பின்னரே தனியுரிமை, கடைசி வாரங்களில், நேரமிருந்தால், சந்தைத் தோல்வி, சமமின்மை. எண்ணற்ற விற்போர், எண்ணற்ற வாங்குவோர், எவருக்கும் விலையை நிர்ணயிக்கும் வலியில்லை என்ற உலகம் விதியாகின்றது. நாம் வாழும் உலகம் பின்னிணைப்பாகின்றது!

அப்பின்னிணைப்பு உலகத்தைச் சற்று நோக்குவோம். வட மாகாணத்துச் சந்தைகள் பலவற்றிலே, கமக்காரன் கொண்டுவரும் மரக்கறியில் நூற்றுக்குப் பத்து வீதம் 'கழிவு' என்று நிறையிலே கழிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. நூறு கிலோ கத்தரிக்காய் இறக்கினால் தொண்ணூறு கிலோவுக்கே காசு. அழுகல், வாடல், மண் என்று காரணம் கூறப்படும். அழுகாத காய்க்கும் கழிவு உண்டு. அதிகாரிகள் நிறுத்தும்படி கூறுவதும், கமக்காரர் முறையிடுவதும், வழக்கம் வேறு பெயரில் திரும்புவதும் கண்டதே. இந்தப் பத்துக் கிலோ எந்த வளையியில் உள்ளது? கேள்வியிலா, நிரம்பலிலா? இரண்டிலுமில்லை. காலை ஏழு மணிக்குள் விற்காவிட்டால் வாடிப்போகும் பண்டத்தோடு நிற்பவனுக்கும், நாளைக்கும் வாங்கலாம் என்று நிற்பவனுக்கும் இடையேயுள்ள வலிமை வேறுபாட்டிலே அது உள்ளது. வலிமையை முதலிற் படிக்காத மாணவன் அக்கழிவைக் காணமாட்டான். கண்டாலும் 'கொடுக்கல் வாங்கற் செலவு' என்று பெயரிட்டு அமைதியடைவான்.

தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் ஒருவரேயான உழைப்புச் சந்தைக்கு உதாரணம் தேடி இத்தீவின் மாணவன் பிறநாட்டு நூலைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தைவிட்டு மறுதோட்டத்துக்குச் செல்லக் 'கடனைச் செலுத்தினால் விடுவிப்போம்' என்ற துண்டு வேண்டும் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்திலே பேர் பதியமாட்டார்கள். அந்தத் துண்டு முறை 1920களின் தொடக்கத்தில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் லயன் அறை தோட்டத்துக்குரியதாகவும், பிள்ளையின் பள்ளியும் பாதையும் தோட்டத்தோடு கட்டுண்டனவாகவும் இருக்கும்வரை, வேறிடம் போவதற்கு ஆகும் செலவு வெறும் பஸ் கட்டணமன்று. அத்தகைய சந்தையிலே கூலி, போட்டியால் அமையக்கூடிய அளவினும் தாழ்ந்திருக்கும் என்பதும், அங்கே ஆகக்குறைந்த கூலியைச் சட்டத்தால் உயர்த்தும்போது ஒரு வரம்புவரை வேலை குறையாமலேயே இருக்கலாம் என்பதும் றொபின்சன் அம்மையாரின் நூல் வந்த நாள் முதலாகத் தெரிந்த பாடமே. அவர் 1958இல் இலங்கைக்கும் வந்து எமது பொருளாதாரம் பற்றி எழுதினார். எழுதியது நூலகத்திலுண்டு, பாடத்திட்டத்தில் இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1992ஆம் ஆண்டு ஏப்ரிலில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் ஆகக்குறைந்த மணிக்கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. அயலிலுள்ள பென்சில்வேனியாவில் கூலி உயரவில்லை. டேவிட் கார்ட், அலன் குறூகர் என்னும் இருவரும் இரு பகுதிகளிலுமுள்ள 410 விரைவுணவுச் சாலைகளில் ஆய்வு செய்து, கூலி உயர்ந்த இடத்தில் வேலை குறையவில்லை என்று 1994இல் எழுதினர். அதனை மறுத்தவர்கள் இருந்தனர்; விவாதம் நீண்டது; இன்றும் முற்றுப்பெறவில்லை. 2021இல் கார்டுக்கு நோபல் நினைவுப் பரிசிற் பங்கு கிடைத்தது. அப்பரிசு கிடைத்த பின்னரும், எமது மாணவியின் கொப்பியில் விவாதம் தொடங்கவேயில்லை. அங்கே விடை ஒன்றுதான்.

எமது நாட்டில் நடந்ததோ வளையிக்குள் அடங்காத இன்னொன்று. 2019இன் தொடக்கத்தில் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தம் நாளுக்கு 700 ரூபாவை அடிப்படைச் சம்பளமாக வைத்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் எல்லாமாக 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. 2024 ஏப்ரில் இறுதியில் 1700 ரூபா என்று வந்தது, மறுபடியும் நீதிமன்றம், செப்டெம்பரில் 1350 ரூபா அடிப்படை என்று ஆயிற்று. ஆயிரம் ரூபா வந்தபின் பல தோட்டங்களிலே பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது. நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. வேலைநாள்கள் குறைக்கப்பட்டன. தொழிலாளர் தொகையைக் கிடை அச்சிலும் கூலியை நிலைக்குத்து அச்சிலும் வைக்கும் படத்திலே அரைப்பேருக்கு அச்சு இல்லை. சம்பளத்தை உயர்த்துவது சட்டம். நிறையை உயர்த்துவது யார்? தராசு யார் கையில்? இந்த வினாவே நுண்பாகப் பொருளியலின் முதல் வினாவாக வேண்டும் என்கிறோம். உற்பத்திச் செலவு கூடிவிட்டது என்று கம்பனிகள் சொல்லும் கணக்கையும் மாணவர் பார்க்கட்டும், கூர்ந்து பார்க்கட்டும். தாயின் பேச்சீட்டையும் அதனருகே வைத்துப் பார்க்கட்டும்.

மண்ணெண்ணெயின் கதையும் இத்தகையதே. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. பழைய விலை செலவினும் மிகக் குறைவானது என்பதை நாம் மறுக்கவில்லை. பாடநூல் மாணவன், 'விலை ஏறக் கேள்வி சுருங்கும்' என்று எழுதுவான். எழுதியது உண்மையே. ஆனால் சுருங்கியது கேள்வி, தேவை சுருங்கவில்லை. கரையிலே ஏற்றிவைக்கப்பட்ட வள்ளத்தின் உரிமையாளனுக்குக் கடலும் தேவை, எண்ணெயும் தேவை. காசில்லாததால் அவன் 'கேள்வி'யிலிருந்து மறைந்தான். தமிழகத்துப் பாடநூல்கள் 'தேவை' என்று வழங்குவதை நாம் இங்கே 'கேள்வி' என்று வழங்குகிறோம். எமது வழக்கே கூரியது என்போம். தேவை வயிற்றிலிருந்து எழுவது. கேள்வி மடிக்காசிலிருந்து எழுவது. இரண்டையும் ஒன்றாக்கினால் பசித்தவன் சந்தையின் கணக்கில் இல்லாதவனாகின்றான். சொல்லிலேயே பதிந்துள்ள இவ்வேறுபாட்டை எத்தனை விரிவுரைகள் எடுத்துக்காட்டுகின்றன? 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கியோர் எமக்கு வைத்துச்சென்ற முதுசொம் இது. இன்று பல துறைகள் திருத்தம் என்ற பெயரால் ஆங்கில மொழிமூலத்துக்கு மாறும்போது, முதலில் கைவிடப்படுவது இம்முதுசொமே. ஆங்கிலம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. தன் தாயின் கூலியைத் தாய்மொழியில் ஆராய முடியாத பட்டதாரி அரைப்பட்டதாரி என்பதே எமது வாதம்.

இவையெல்லாம் இத்தீவின் குறுகிய குறைப்பாடுகள் என்று எண்ணவேண்டாம். 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மாணவர், கணித வித்தையாகிவிட்ட பொருளியலுக்கு எதிராகக் கையொப்பம் திரட்டினர். 2011 நவம்பர் 2ஆந் திகதி ஹாவாட் பல்கலைக்கழகத்தில், கிறெகரி மன்கியூவின் அறிமுக வகுப்பிலிருந்து எழுபது பேரளவில் வெளியேறினர். 2012இல் மான்செஸ்டர் மாணவர் சங்கம் அமைத்து, 2008ஆம் ஆண்டின் வங்கி வீழ்ச்சியை ஏன் எமக்குக் கற்பிக்கவில்லை என்று கேட்டனர். 2014இல் தம் துறையின் பாடத்திட்டத்தை அலசி அறிக்கையும் வெளியிட்டனர். அவர்கள் வேண்டுகோளால் நடைபெற்ற நெருக்கடி பற்றிய பாடநெறியைத் துறை பட்டத்துக்குரியதாக ஏற்க மறுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 19 நாடுகளின் மாணவர் அமைப்புகள் ஒரே குரலில் பன்முகப் பொருளியலைக் கோரின.

அக்கோரிக்கைக் காலத்தில், 2013இல் தொடங்கப்பட்ட 'கோர்' திட்டத்தின் பாடநூல் எமது வாதத்துக்கு நேரடிச் சான்று. வெண்டி கார்லின், சாமுவெல் போல்ஸ் முதலியோர் முன்னின்று ஆக்கிய அந்நூலின் முதற் பதிப்பிலே, கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் போட்டிச் சந்தை எட்டாம் அலகிலேதான் வருகின்றது. முதல் அலகு முதலாளித்துவத்தின் வரலாறு. ஐந்தாம் அலகு சொத்தும் அதிகாரமும். ஆறாம் அலகு உரிமையாளர், முகாமையாளர், தொழிலாளர் ஆகியோரின் உறவு. கணிதம் கைவிடப்படவில்லை, வளையிகள் உள்ளன. வரிசை மட்டுமே மாறியது. வரிசை மாறியதும் பாடமே மாறிற்று. இலண்டனில் இயல்வது இங்கே இயலாதா?

'கோட்பாடு எங்கும் ஒன்றே. ஈர்ப்புவிசைக்கு நாடு உண்டா?' என்று சிலர் கேட்பர். கல் கீழே விழுவதற்கு வர்த்தமானி வேண்டியதில்லை. கூலி விழுவதற்கும் எழுவதற்கும் சட்டமும் சங்கமும் நீதிமன்றமும் வேண்டியிருப்பதை மேலே கண்டோம். பொருந்தாத கோட்பாட்டுக்கு நாட்டைப் பொருத்த முயல்வது செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டும் வேலையாகும். 'வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பழைய நூலே வேண்டும்' என்பர் வேறு சிலர். நூற்றுவரில் ஓரிருவர் விமானம் ஏறுவதற்காகத் தொண்ணூற்றெட்டுப் பேர் தம் ஊரைப் படிக்காதிருக்க வேண்டுமா? அன்றியும், அவ்வோரிருவருக்கும் இது நட்டமன்று. அவர்கள் சென்றடையும் இடங்களிலே இன்று கூலி ஆராய்ச்சி நடைபெறுவது வாங்குவோர் வலிமை பற்றியே. 'இது அரசியல்' என்போருக்கு ஒன்றே விடை: நிறைபோட்டியை முதலில் வைப்பதும் அரசியலே. பழகிப்போனதால் அது அரசியலாகத் தோன்றவில்லை.

எமது பக்கத்தாரையும் நாம் விட்டுவிட முடியாது. முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் சிலர், மார்ஷலை எடுத்துவிட்டு மார்க்சை வைத்தாற் போதும் என்கின்றனர். வளையியை மனனஞ் செய்த மாணவன் இனி உபரிப்பெறுமானத்தை மனனஞ் செய்வான், அவ்வளவே வேறுபாடு! நெகிழ்ச்சியும் அமையச் செலவும் பயனுள்ள கருவிகள். அவற்றை வெறுத்தொதுக்குபவன், கழிவு ஒழிக்கப்பட்டால் வியாபாரி விலையைக் குறைத்து அதனை மீட்டுக்கொள்வானா என்ற எளிய கேள்விக்கும் விடைகூற மாட்டான். கமக்காரனுக்குச் சுலோகம் வேண்டாம், விடை வேண்டும். கருவிகளை வீசியெறியச் சொல்லவில்லை. அவற்றை யார் கையில், எந்த வேலைக்காக, எப்போது கொடுப்பது என்பதையே கேட்கிறோம்.

அவ்வாறாயின் திருத்தம் எங்ஙனம் அமையவேண்டும்? முதல் வாரங்களில் சொத்தும் உழைப்பும் இத்தீவில் இன்றைய உருவை அடைந்த வரலாறு வரட்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் துண்டு முறையும் பொருளியல் வகுப்பிற்கு உரியவையே. அடுத்துப் பேரம் பேசுதல்: யாருக்குக் காத்திருக்க முடியும், யாருக்கு முடியாது? மூன்றாவதாக ஒரு சந்தை. மாணவர் விடியற்காலையில் அருகிலுள்ள சந்தைக்குச் சென்று, ஒரு கிலோ வெங்காயத்தின் காசு தோட்டத்திலிருந்து அடுப்புவரை எவரெவர் கையில் எவ்வளவு தங்குகின்றது என்று தாமே எழுதிவரட்டும். அதன்பின் நிறுவனம், அதன்பின் தனியுரிமையும் வாங்குவோர் வலிமையும். இவற்றுக்குப் பின்னரே நிறைபோட்டி வரட்டும். எவருக்கும் வலிமையில்லாத அரிய நிலைமை ஒன்றுண்டு, அதனை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்கலாம். பரீட்சையிலே 'ஆகக்குறைந்த கூலியின் விளைவை விளக்குக' என்பதற்குப் பதிலாக, 'எந்த நிலைமையில் வேலை குறையும், எந்த நிலைமையில் குறையாது, நீ அறிந்த தோட்டமோ தொழிற்சாலையோ எந்த நிலைமையிலுள்ளது?' என்று கேட்கட்டும். இதற்கு வெளிநாட்டுக் கடனோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. அதிகாரங்களின் வரிசையை மாற்றும் துணிவு வேண்டும். விரிவுரையாளர் சந்தைக்கு வரவேண்டும்.

எம் மாணவி விடைபெறும்போது ஒன்று கேட்டாள். 'அந்தப் படம் பிழையா சேர்?' படம் பிழையில்லை, அது வேறொரு சந்தையின் படம் என்றோம். 'அப்ப எங்க சந்தையோட படம் எங்க இருக்கு?' என்றாள். றொபின்சனின் படத்தைத் தாளொன்றில் எமக்குத் தெரிந்தவரையில் வரைந்து கொடுத்தோம். தமிழாசிரியரின் வரைவு, கோணல் மாணலாகவே இருந்தது. அதனை நேராக வரைந்து முதலதிகாரத்தில் வைக்கவேண்டிய கடமை பல்கலைக்கழகத்தாருடையது. அடுத்த திருத்தப் படிவத்தை நிரப்ப உட்காருமுன் அவர்கள் அவளுக்கு விடை கூறட்டும்.